செருக்கின் பெயர்கள்

சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடமாக ஓதிய தலைமுறையினர்க்குத் தலையான பாவங்கள் ஏழும் இன்றும் வரிசை பிறழாமல் நினைவிலிருக்கும். போசனப்பிரியம், காய்மகாரம் போன்ற சொற்களை ஞானோபதேச வகுப்புக்கு வெளியே அவர்களுள் பலர் கேட்டே இருக்கமாட்டார்கள். ஆயினும் பொருள் முழுவதும் விளங்கு முன்னரே அவை நாவில் ஊறிவிட்டன. அவ்வரிசையில் முதலிடம் அகங்காரத்துக்கு. அதற்கு எதிராக நிறுத்தப்பட்ட புண்ணியம் தாழ்ச்சி.

இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொருத்தமின்மை புலப்படும். தாழ்ச்சி என்பது உயரத்தைப் பற்றிய சொல்; மேல், கீழ் என்னும் அளவுகோலில் கீழே நிற்பதைக் குறிப்பது. அகங்காரமோ உயரத்தைப் பற்றி ஒன்றுமே கூறவில்லை. 'அகம்' என்னும் வடசொல்லுக்கு 'நான்' என்று பொருள். 'நான்' என்பதை உண்டாக்குவது அகங்காரம். இலத்தீன் மொழியில் இந்த இடர்ப்பாடு இல்லை. 'சுப்பெர்பியா' என்னும் சொல்லுக்குள் 'மேலே' என்று பொருள்படும் 'சூப்பெர்' இருக்கிறது. 'உமிலித்தாஸ்' என்னும் சொல்லுக்குள் மண்ணைக் குறிக்கும் 'ஊமுஸ்' இருக்கிறது. ஒன்று உயரே பார்க்கிறது. மற்றொன்று தரையைத் தொடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் மட்டும் இந்த இணை ஏன் இப்படிக் கோணலாக வந்து அமைந்தது? கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தன் குற்றத்தை எந்தப் பெயரால் அழைக்கிறதோ, அந்தப் பெயர் காட்டும் திசையிலேயே அக்குற்றத்தைத் தேடும். ஆகவே சொற்களின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையோடு பார்ப்பது வீண் வேலையாகாது.

எபிரேயம் செருக்கை உடலிலே கண்ட மொழி. உயர்ந்த கண்கள், உயர்ந்த நெஞ்சம், வளையாத கழுத்து என்று உறுப்புகளைச் சுட்டியே அது பேசும். நீதிமொழிகள் நூலில், ஆண்டவர் வெறுக்கும் ஏழு காரியங்களின் பட்டியல் (6:16-19) மேட்டிமையான கண்களிலிருந்துதான் தொடங்குகிறது. உயரத்தைக் குறிக்கும் சொல் 'கோபா'. நம் கோபத்துக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. மரத்தின் உயரத்துக்கும் மனத்தின் உயரத்துக்கும் எபிரேயர் இந்த ஒரே சொல்லை வழங்கினர்.

அவர்களுடைய சொற்களில் மிகவும் வியப்புக்குரியது 'காஓன்'. எழுதல், பொங்கி மேலெழுதல் என்பது அதன் வேர்ப்பொருள். யோபு நூலில் ஆண்டவர் கடலுக்கு எல்லை வகுக்கும் இடத்தில், அலைகளின் எழுச்சிக்கு இச்சொல்லே வருகிறது. எரேமியாவும் செக்கரியாவும் 'யோர்தானின் காஓன்' என்று ஓரிடத்தைக் குறிப்பிடுகிறார்கள். ஆற்றங்கரையில் அடர்ந்து வளர்ந்து சிங்கங்கள் பதுங்கியிருந்த புதர்க்காடு அது. மொழிபெயர்ப்பாளருள் சிலர் அதைக் காடு என்றனர். சிலர் வெள்ளம் என்றனர். சிலர் யோர்தானின் பெருமை என்றே எழுதிவிட்டனர். இதே சொல் இறைவனின் மாட்சிக்கும் பெயர். எசாயாவின் இரண்டாம் அதிகாரத்தைப் படிப்போர் இதை உணரலாம்: லெபனோனின் கேதுரு மரங்கள், பாசானின் கருவாலி மரங்கள், கோபுரங்கள், தர்சீசின் கப்பல்கள் என்று உயர்ந்து நிற்பன யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்த்தப்படுகின்றன, இறுதியில் ஒருவருடைய உயர்வு மட்டுமே எஞ்சுகிறது. எனவே எபிரேயருக்கு எழுச்சி தன்னிலே தீயதன்று. அது யாருக்கு உரியது என்பதே வழக்கு.

இன்னொரு சொல் 'ஸாதோன்'. துணிந்து வரம்பு மீறுவதை அது குறிக்கும். குருவுக்கோ நீதிபதிக்கோ செவிகொடாமல் துணிகரமாய் நடப்பவனை இணைச்சட்டம் இச்சொல்லாலேயே குற்றஞ்சாட்டுகிறது. இதன் வேர் கொதித்தலோடு தொடர்புடையது. தொடக்க நூலில் யாக்கோபு கூழ் சமைத்த வேளையில் ஏசா பசியோடு வந்து நின்றானே, அங்கே கூழ் கொதித்ததைச் சொல்லும் வினையும் இவ்வேரினதே. அடுப்பில் பொங்கி விளிம்பைத் தாண்டும் பானையை நம் தாய்மார் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! செருக்கனின் படத்துக்கு அதைவிட நெருக்கமான உவமை கிடைப்பது அரிது.

கிரேக்க நாட்டுக்கு வருவோம். 'ஹூப்ரிஸ்' என்னும் சொல்லை இன்று மேடைகளில் பலர் எடுத்தாளுகின்றனர். தெய்வங்களை எதிர்த்து வீழும் நாடகத் தலைவனின் மனநிலை என்று அதற்கு விளக்கம் கூறுவர். அது முழு உண்மையன்று. ஏதென்சு நகரில் ஹூப்ரிஸ் ஒரு சட்டக் குற்றம். அதன்பேரில் வழக்குத் தொடரலாம். பிறனை அடிப்பது, அவமதிப்பது, மானபங்கம் செய்வது ஆகியவை அதில் அடங்கும். அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் இதற்குக் கூர்மையான வரையறை தருகிறார்: ஆதாயத்துக்காக அன்று, பழிவாங்கவும் அன்று, மற்றவனை வெட்கப்படுத்துவதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே செய்யப்படும் செயல் அது. கி.மு. 348 இல் தியோனிசுத் திருவிழாவின்போது, ஊரறியப் பொதுவிடத்தில், மெய்தியாஸ் என்னும் செல்வன் சொல்வேந்தர் தெமொஸ்தெனிசைக் கன்னத்தில் அறைந்தான். அவனுக்கு எதிராகத் தெமொஸ்தெனிஸ் எழுதிய உரை இன்றும் கிடைக்கிறது. அதில் அவர் பெருமையோடு சுட்டும் செய்தி ஒன்றுண்டு: இச்சட்டம் அடிமைகளுக்கு இழைக்கப்படும் அவமதிப்பையும் குற்றமாக எண்ணியது. அடிமை முறையை வைத்துக்கொண்டே அடிமையின் மானத்தைப் பற்றிப் பேசிய சட்டம்! அது நடைமுறையில் எத்தனை அடிமைகளைக் காத்தது என்று கேட்டால் மனம் தயங்கத்தான் செய்யும். ஆயினும் செருக்கு என்பது செருக்குற்றவனின் உள்ளத்தில் மட்டும் நிகழ்வதன்று, எதிரே நிற்பவனின் முகத்தில் விழுவது என்னும் உண்மையை இம்மொழி அறிந்திருந்தது. பின்வந்த பல நூற்றாண்டுகள் இதை மறந்தன என்றே தோன்றுகிறது.

புதிய ஏற்பாடு பெரிதும் வழங்குவது வேறொரு சொல்: 'ஹூப்பெரெஃபானியா'. பிறருக்கு மேலாகத் தோன்றுதல் என்று அதைப் பிரித்துக் காட்டலாம். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்தோஸ் மனிதக் குணங்களை முப்பது சித்திரங்களாக வரைந்தபோது, வீண்தற்புகழ்ச்சிக்காரனையும் மேட்டிமைக்காரனையும் தனித்தனியே வரைந்தார். முதலாமவன் இல்லாததை இருப்பதாகச் சொல்பவன். இரண்டாமவன் தன்னையன்றி வேறெவரையும் மதியாதவன். நாம் இருவரையும் ஒரே சொல்லால் வைது முடித்துவிடுகிறோம்.

எழுபதின்மர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பில் இச்சொல் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. நீதிமொழிகள் 3:34 இல் எபிரேய மூலம் பேசுவது ஏளனக்காரரைப் பற்றி. ஏளனக்காரரை ஆண்டவர் ஏளனம் செய்கிறார், எளியோர்க்கு அருள் கூர்கிறார் என்பது அங்குள்ள கருத்து. மொழிபெயர்த்தோர் ஏளனக்காரரைச் செருக்குற்றோர் ஆக்கினர். ஏளனத்தை எதிர்ப்பு ஆக்கினர். யாக்கோபு மடலும் பேதுருவின் முதல் மடலும் மேற்கோள் காட்டுவது இக்கிரேக்க வடிவத்தையே. திருச்சபையின் மறையுரைகளில் எண்ணிறந்த முறை ஒலித்த அந்த வாக்கு, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்லைத் தெரிந்தெடுத்ததால் இவ்வுருப் பெற்றது என்பது எண்ணத்தக்கது.

பவுலடியாரோ இப்பெரிய சொற்களைக் கொரிந்து நகரில் விட்டுவிட்டு, பட்டறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறார். துருத்தியால் காற்றடைத்து ஊதிப் பெருக்குதல் என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டில் அவ்வினை ஏழு இடங்களில் வருகிறது. அவற்றுள் ஆறு கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலில். அச்சபையாரின் நோய் என்னவென்று அறிய வேறு சான்று தேவையில்லை. நாமும் 'உப்பிப்போனான்' என்கிறோமே!

உரோமையரிடம் சுப்பெர்பியா அரசியல் நெடி வீசும் சொல்லாக இருந்தது. அவர்களுடைய கடைசி மன்னன் தர்க்குயினியுசுக்கு 'சுப்பெர்புஸ்' என்பதே அடைமொழி. மரபுப்படி கி.மு. 509 இல் அவன் துரத்தப்பட்டான். அதன்பின் எவனேனும் அரசனைப்போல் நடக்க முற்பட்டால் உரோமையன் அச்சத்தோடு இச்சொல்லை உச்சரித்தான். அவர்களிடம் வேறு சொற்களும் இருந்தன. தனக்குரியதல்லாததைத் தனக்கெனக் கோருவது 'அரொகான்சியா'. வழக்கத்துக்கு மாறாக நடப்பது 'இன்சொலென்சியா'. புருவத்தைக் குறிக்கும் 'சுப்பெர்சிலியும்' என்பதே மேட்டிமைக்கும் பெயராயிற்று. பார்வையில் வெளிப்படும் செருக்கை உரோமையனும் எபிரேயனைப் போலவே கண்டுகொண்டான்.

கி.பி. 410 இல் கோத்தியர் உரோமையைச் சூறையாடினர். மூன்றாண்டுகளுக்குப் பின் புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகர்' என்னும் பெருநூலைத் தொடங்கினார். அதன் முன்னுரையிலேயே அவர் செய்த ஒரு காரியம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. கடவுள் செருக்குற்றோரை எதிர்க்கிறார் என்னும் மறைநூல் கருத்தை ஒரு பக்கம் வைக்கிறார். மறுபக்கம், செருக்குற்ற இனங்களைப் போரிட்டு அடக்குவது உரோமையின் கடமை என்று பெருங்கவி வெர்ஜில் பாடியதை வைக்கிறார். இரண்டு இடத்திலும் அதே இலத்தீன் சொல். கடவுளுக்கு உரிய பணியை உரோமை தனக்கென எடுத்துக்கொண்டது. பிறரைச் செருக்குற்றோர் என்று அழைத்ததே அதன் செருக்கு என்பது அவர் கண்ட முடிவு. பேரரசுகளின் மொழியை இவ்வளவு சுருக்கமாகத் தோலுரித்தவர் வேறொருவர் உண்டோ?

அந்நூலின் 14 ஆம் பகுதியில் அவர் இன்னும் ஆழச் செல்கிறார். ஆன்மா தான் பற்றி நிற்க வேண்டிய மூலத்தை விட்டுவிட்டுத் தனக்குத் தானே மூலமாக முயல்வதே செருக்கு என்கிறார். இங்கே உயரம் என்னும் உவமை பின்னுக்குப் போய், 'நான்' என்பது முன்னுக்கு வருகிறது. நமது அகங்காரம் அகுஸ்தினாரின் இவ்விளக்கத்தோடு வியக்கத்தக்க முறையில் பொருந்துகிறது. இதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

பாவங்களின் பட்டியல் பிறந்தது எகிப்தின் பாலைவனத்தில். கி.பி. 399 இல் மறைந்த எவாக்ரியுஸ், துறவியரைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டு என்று வகுத்தார். பெருந்தீனி தொடக்கம், செருக்கு கடைசி. கடைசி என்றதால் சிறியதென்று பொருளில்லை. மற்றவற்றை வென்றவனைத் தாக்குவது அது. அவருடைய போதனையை மேற்கே கொண்டு சென்ற கசியான், செருக்கின் தங்கையான வீண்மகிமைக்கு முதிய துறவியர் கூறிய உவமை ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்: வெங்காயம். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். நல்லாடை உடுத்தும் ஆசையை விட்டவன் கந்தையைப் பற்றிப் பெருமை கொள்வான் அல்லவா?

590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் பட்டியலை மாற்றியமைத்தார். செருக்கைப் பட்டியலிலிருந்தே வெளியே எடுத்து, எல்லாத் தீமைகளுக்கும் அரசியாக்கினார். வீண்மகிமையைத் தலையாகக் கொண்ட ஏழு தீமைகள் அவளுடைய படைத்தலைவர்கள். பிற்காலத்தில் வீண்மகிமை செருக்கோடு கலந்துவிடவே, அரசியே இறங்கி வந்து ஏழனுள் ஒருத்தியாய் நின்றாள். நம் ஞானோபதேசம் ஓதிய ஏழு இவ்வாறு உருவானவையே.

அவர்கள் அனைவரினும் நகைச்சுவை மிக்கவர் புனித பெர்நார்து. ஏறத்தாழ 1125 இல், தாழ்ச்சியின் படிகளையும் செருக்கின் படிகளையும் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். புனித ஆசீர்வாதப்பர் தம் சட்டநூலின் ஏழாம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் வகுத்திருந்தார். பெர்நார்து அவற்றைத் தலைகீழாக்கி, செருக்கில் இறங்கும் பன்னிரண்டு படிகளைச் சித்திரித்தார். முதற்படி என்ன தெரியுமா? கண்களை அலையவிடும் வீண் ஆவல்! தன்னைக் கவனியாதவன் அடுத்தவனைக் கவனிக்கத் தொடங்குகிறான். அங்கிருந்து மனச்சலனம், அசட்டுச் சிரிப்பு, தற்பெருமை, தனித்துக் காட்டிக்கொள்ளல் என்று இறங்கிச் செல்கிறான். எல்லாரும் செருக்கு என்று அடையாளங்காணும் இறுமாப்பு ஆறாம் படியில்தான் வருகிறது. அதற்குள் பாதி வழி முடிந்துவிடுகிறது. கடைசிப்படி, பாவமே பழக்கமாகிவிட்ட நிலை. தாழ்ச்சியைப் பற்றிக் கேட்டவருக்குச் செருக்கைப் பற்றி எழுதியது ஏன் என்பதற்கு அவர் தரும் விடை, தாம் கற்றறிந்ததைத்தானே கற்பிக்க முடியும் என்பது.

ஐரோப்பிய மக்கள் மொழிகளில் இச்சொற்கள் பெற்ற மாற்றங்கள் சுவையானவை. சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். இலத்தீனின் சுப்பெர்புஸ் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'மிகச் சிறந்த' என்னும் பாராட்டாக மாறிற்று. ஆங்கிலத்தின் 'பிரைடு' வீரமுள்ள என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கடல் தாண்டியதும் புகழ் பழியாயிற்று. செர்மானியரின் 'ஹோக்மூட்', இடைக்காலக் காதற்பாடல்களில் உன்னதமான உள்ளக் களிப்பைக் குறித்தது. பின்னர் இறுமாப்பைக் குறிக்கலாயிற்று. ஒரு மொழியின் வீரன் அடுத்த மொழியின் செருக்கன்.

நம் மொழியில் இத்தகைய தடுமாற்றம் இன்னும் பழையது. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதம் ஒன்று. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும். அங்கே அது நற்பண்பு. வள்ளுவரோ பெருமை என்னும் அதிகாரத்தில், பெருமிதம் இல்லாதிருப்பதே பெருமை என்கிறார். அங்கே அச்சொல் இறுமாப்பு. ஒரே சொல், இரண்டு நூல்கள், இரண்டு தீர்ப்புகள். செருக்கு என்னும் சொல்லையும் அவர் இரு வகையில் ஆளுகிறார். குற்றங்கடிதலில் அதற்கு மதம் என்று பொருள் கொள்கிறார் பரிமேலழகர். துறவு அதிகாரத்தில், 'யான்' 'எனது' என்னும் உணர்வுகளுக்கு அப்பெயர் வரும்போது மயக்கம் என்று பொருள் கூறுகிறார். தமிழ்ச் செருக்கு இவ்வாறு குடிமயக்கத்துக்கு அண்டை வீட்டுச் சொல்லாக இருக்கிறது. உயரத்தைவிடத் தன்னிலை மறத்தலே அதில் மிகுதி.

மதம் என்பதையும் விட்டுவிடலாகாது. காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என்று வடநூலார் வகுத்த ஆறு உட்பகைகளில் அது ஐந்தாவது. யானைக்குப் பிடிக்கும் மதமும் அதுவே. சமயத்தைக் குறிக்கும் மதமோ கருத்து என்று பொருள்படும் வேறொரு வடசொல். வடமொழியில் எழுத்து வேறு, வேர் வேறு. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. இது தற்செயலே எனினும், சமயவாதிகளாகிய நாம் அந்த ஒற்றுமையை அவ்வப்போது நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

சைவ சித்தாந்தம் தரும் ஆணவம் எல்லாவற்றிலும் ஆழமானது. அச்சொல் 'அணு' என்பதிலிருந்து வந்தது. எங்கும் விரியத்தக்க உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடும் மலம் அது. செம்பில் களிம்புபோல் உடன்பிறந்தது. பிற மொழிகள் செருக்கை உயர்வு, எழுச்சி, பொங்குதல், வீங்குதல் என்று அழைக்க, இது ஒன்றுதான் அதைச் சிறுமை என்று அழைத்தது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இதை இருளோடு ஒப்பிட்டு ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறார்: இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது. எகிப்தியத் துறவியர் வெங்காயத்தின் வழியே சொல்ல முயன்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பேச்சு வழக்கைக் கேட்டால் நம் மக்களின் கவித்திறம் விளங்கும். தலைக்கனம், மண்டைக்கனம், கொழுப்பு, வீம்பு, திமிர். கால் திமிர்த்துப் போயிற்று என்கிறோம். உணர்விழந்த நிலை அது. பிறன் நோவதை உணரமாட்டாத மரத்த நிலைக்குத் திமிர் என்று பெயரிட்டவர் யாரோ, அவர் அரிஸ்டாட்டிலுக்குக் குறைந்தவரல்லர்.

16 ஆம் நூற்றாண்டில் மறைபரப்புநர் வந்து இறங்கியபோது தமிழ்ச்சொற்கள் இவ்வளவும் காத்துக்கிடந்தன. 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 1580 இல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் 'கொம்பெசியோனாயரு' வெளிவந்தது. அண்ட்ரிக் அடிகளார் தம் நூலுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டாமல் போர்த்துக்கீசியப் பெயரையே வைத்தார். ஆனால் பாவங்களின் பெயர்களை அப்படி விட்டுவிட முடியாது. தன் குற்றத்தை அறிக்கையிட வருபவன் அதைத் தாய்மொழியில் சொல்லியாக வேண்டும். போர்த்துக்கீசியரின் 'சொபெர்பா'வுக்கு ஈடாக, காலப்போக்கில் அகங்காரம் நிலைபெற்றது.

சாங்கியரும் சைவரும் அறிந்த அகங்காரம் ஒரு பாவமன்று. உள்ளத்தின் கருவிகளுள் ஒன்று. மனம், புத்தி, சித்தம் ஆகியவற்றோடு எண்ணப்படுவது. பிறந்த எவருக்கும் உள்ளது. அதைத் தலையான பாவத்தின் பெயராக்கியதில் ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் முன்னர்க் குறிப்பிட்ட அகுஸ்தினாரின் விளக்கத்தோடு இது நேரே சென்று இணைகிறது. எவர் இதைத் தெரிந்தெடுத்தாரோ, அவர் இலத்தீன் சொல்லின் உருவத்தை விட்டு அதன் உயிரைப் பிடித்தார் என்பது என் கருத்து. இழந்தது ஒன்று: மேல், கீழ் என்னும் அளவு. 'நான்' என்பது தனிமனிதன் உள்ளத்துக்குள் தேடவேண்டியது. 'மேல்' என்பதோ வீதியில், பந்தியில், ஆலயத்தில் கண்ணுக்குத் தெரிவது.

அது எங்ஙனம் தெரிந்தது என்பதற்கு வரலாறு சான்று பகரும். திருவிதாங்கூரில் 1829 இல் வெளியான அரசாணை, நாடார் கிறிஸ்தவப் பெண்கள் உயர்சாதியாரைப்போல் மேலாடை அணிவதைத் தடுத்தது. முப்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859 இல் மேலாடை அனுமதிக்கப்பட்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு பெண் தன் உடலை மறைப்பதே வரம்பு மீறலாகக் கருதப்பட்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிமிர்ந்து நடந்த கறுப்பின மக்களை வைவதற்கு 'அப்பிட்டி' என்றொரு சொல் வழங்கிற்று; அதற்குள்ளும் 'மேல்' என்பதே இருக்கிறது. நம் ஊர்களில் செருப்பணிந்து தெருவில் நடந்த ஏழைக்குத் 'திமிர்' என்ற பட்டம் கிடைத்தது. அதே தெருவில் மீசை முறுக்கிய நிலக்கிழாருக்குக் 'கம்பீரம்' என்ற பட்டம் கிடைத்தது. வெர்ஜிலின் உரோமையை அகுஸ்தினார் பிடித்த பிடியை இங்கும் பிடிக்கலாம்.

நமது வீடும் இதற்கு விலக்கன்று. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயம் சாதிக்கு ஒன்றாக இரு பகுதிகளாய்ப் பிரிந்து, நடுவே சுவர் எழும்பி நின்றது. 1910 இல் அருள்தந்தை கௌசானல் அப்பிரிவினைச் சுவரை இடித்தார். எதிர்த்தோர் நீதிமன்றம் வரை சென்றனர். சுவரின் இருபுறத்திலும் முழந்தாளிட்டவர்கள் அதே ஞானோபதேசத்தை ஓதியவர்கள். அகங்காரமே முதற்பாவம் என்று இருபுறத்தாரும் அறிவர். அச்சுவரைப் பாவசங்கீர்த்தனத்தில் அகங்காரம் என்று பெயரிட்டு அறிக்கையிட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? சுவர் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. அகங்காரமோ உள்ளத்துக்குள் இருப்பதாகவே அவர்கள் கற்றிருந்தனர்.

இக்காரணத்தால், செருக்கையே முதற்பாவமாகப் போதிப்பதில் ஓர் இடர் உண்டென்று வலெரி சேவிங் என்னும் அமெரிக்கப் பெண் இறையியலார் 1960 இல் எழுதினார். செருக்கை மையமாக்கியது பெரிதும் ஆண்களின் அனுபவம். தன்னையே இழந்துவிடும்படி பழக்கப்பட்ட பெண்ணுக்கு அது மருந்தாகாது என்பது அவர் வாதம். அவர் கட்டுரையோடு எல்லாவற்றிலும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் வளைந்த முதுகை இன்னும் வளை என்று போதிப்பது பெர்நார்தின் நோக்கமாயிருந்ததில்லை. அவர் எழுதியது மடத்து ஆண்களுக்கு, அவர்களுள் பலர் உயர்குடிப் பிறந்தோர்.

அன்னை மரியாவின் பாடல் (லூக்கா 1:46-55) இவ்விடத்தில் தெளிவாயிருக்கிறது. அங்கே செருக்குற்றோர் சிதறடிக்கப்பட்ட உடனே, அடுத்த அடியில் வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுகின்றனர். யாரைச் செருக்குற்றோர் என்று அப்பாடல் கருதுகிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பழைய புரொட்டஸ்டாண்டு மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் அகந்தை என்னும் சொல்லை இட்டது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு செருக்கு என்றது. அதைவிட முக்கியமான மாற்றம் மூன்று வசனங்களுக்கு முன் நிகழ்ந்துள்ளது. தம் அடிமையிடத்தில் ஆண்டவர் கண்ணோக்கியது எதை? கிரேக்கத்தில் அச்சொல் 'தப்பெய்னோசிஸ்'. பழைய மொழிபெயர்ப்பு அதைத் தாழ்மை என்று தந்தது. கேட்டவர்கள் மரியாவின் தாழ்ச்சியாகிய புண்ணியத்தை ஆண்டவர் மெச்சியதாகப் பொருள் கொண்டனர். 1995 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அதைத் தாழ்நிலை என்று மாற்றியது. எழுபதின்மரின் கிரேக்கத்தில் இதே சொல் கணவனால் விரும்பப்படாத லேயாவின் துயரத்துக்கு வருகிறது. பிள்ளையற்றவள் என்று இகழப்பட்ட அன்னாவின் துன்பத்துக்கு வருகிறது. எகிப்தில் செங்கல் சுமந்த இஸ்ரயேல் மக்களின் ஒடுக்கப்பட்ட நிலைக்கும் வருகிறது.